மூச்சு தீரும்வரை

செவ்வாய், இரவு.

நுரையீரல் பரிசோதனைக்கு ஆவடி போய்வந்தேன். வீசிங்குக்காகச் சிறுவயதிலிருந்தே மூச்சை அளக்கும் அந்த மெஷின் குழாயில் ஊதுகிறேன். ஆட்கள் பார்க்கிறார்களே என்று பாதியிலேயே நிறுத்திவிடுவேன். இன்று மூச்சு தீரும்வரை ஊதினேன்.

"இன்னாம்மா, மெஷினையே உடைச்சிடுவ போல கீதே!" என்று சிரித்தார் ஊதவைத்தவர்.

ஆறு மாத நீச்சல்தான் காரணம். கூட நீந்தும் ஸ்டெல்லா அக்கா தினமும் அதட்டுவார்: "தண்ணிக்குள்ள நல்லா ஊதுடி, எவளுக்குக் கேக்கப் போவுது!"

டாக்டரம்மா இன்ஹேலர் அளவைக் குறைத்தார். மூச்சின் அளவு கூடியது நுரையீரல் தேறியதாலா, என் கூச்சம் போனதாலா என்று கேட்டேன். "ரெண்டும் இருக்கும்மா" என்றார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். நன்றி சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அய்யே, அழுவாதடி, மூச்சு வாங்கப் போவுது!"

வாங்கவில்லை.