பாஸ் அவுட் என்று வந்த போன்

நல்லம்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் டப்ளினில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம், அம்மா இரண்டு நாளாகக் கொஞ்சம் கஞ்சி குடிக்கிறாள்.

தம்பியைப் பார்க்க ஏன் லேட்டாகப் போனீர்கள் என்று நீ கேட்டபோது பஸ் கிடைக்கவில்லை என்றேன். அது பொய்யம்மா. அன்றைக்குக் காலை பத்து மணிக்கே புனேயிலிருந்து ஹாஸ்டல் வார்டன் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது, லைனும் சரியில்லை. ரஞ்சித் என்பதும் பாஸ் அவுட் என்பதும் மட்டும்தான் காதில் விழுந்தது. கடைசி செமஸ்டர் ரிசல்ட் அந்த வாரம் வரும் என்று அவன் சொல்லியிருந்தானே, தேங்க்யூ சார், தேங்க்யூ சார் என்று வைத்துவிட்டேன். போனை சார்ஜில் போட்டுவிட்டு லட்டு வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தோம். அம்மா நஞ்சம்மாள் அத்தையிடம், "இனிமே எங்களுக்கு என்னங்க கொறை" என்றாள். மூன்று மணிக்கு வந்து பார்த்தால் பதினோரு மிஸ்டு கால். மறுபடி அடித்தது. அவன் ரூமில் இருக்கும் தொப்பூர்ப் பையன், "அப்பா, இன்னும் கெளம்பலீங்களா? ரஞ்சித் மயங்கி வுழுந்துட்டான்னு வார்டன் காலையிலயே சொன்னாருங்களே" என்று அழுதான்.

போய்ச் சேர மறுநாள் பதினோரு மணி. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம், யார் வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாதாம், டாக்டர் சொன்னதை அந்தப் பையன்தான் தமிழில் சொன்னான். ஆனால் காலை ஏழு மணிக்குக் கண் விழித்து, "அப்பா வந்துட்டாரா" என்று கேட்டிருக்கிறான். எட்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. போன் வந்ததும் கிளம்பியிருந்தால் ஆறு மணிக்கே அவன் பக்கத்தில் இருந்திருப்பேன்.

காரியம் முடிந்தபின் கோகிலவாணி டீச்சரிடம் கேட்டேன். "அந்த வார்த்தைக்கு நாலஞ்சு அர்த்தம் இருக்குதுங்க மாமா. படிச்சு முடிச்சாலும் அதுதான், மயக்கம் போட்டாலும் அதுதான், ஒரு பொருளை ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தாலும் அதுதான்" என்றாள். நான் லட்டு கொடுத்ததும் அதுதானாம்.

நீ வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. உன் ஆபீசில் தமிழ் தெரிந்த யாராவது ஒருவரின் போன் நம்பரை மறக்காமல் அனுப்பு. உனக்கு எது என்றாலும் அவரையே கூப்பிடச் சொல்.

உன் அப்பா,
சென்னப்பன்