கோணல் சக்கரம்

செவ்வாய், இரவு.

மகள் மீனுவுக்காக நான் வரைந்துகொடுத்த மர வாத்து இன்று வந்தது. இழுத்தால் சக்கரம் அலகைத் தூக்கி ‘டக்’கென்று போட வேண்டும். சத்தமே வரவில்லை. அந்த ‘டக்’குக்காகத்தான் சக்கரத்தின் துளையை ஓரமாக வரைந்திருந்தேன். பெஹாலா பேட்டையில் இருக்கும் தச்சர் அதை என் தவறு என்று நினைத்து, கச்சிதமாக நடுவில் போட்டுவிட்டார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உடனே கொண்டுபோய் விளக்கினேன். மனசே இல்லாமல் வேறு சக்கரம் செய்து ஓரத்தில் துளைத்தார்.

“தீதி, இந்தக் கோணல் வேலைய நான் செஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்று வங்காள மொழியில் கெஞ்சினார். சரி என்றேன்.

சாயங்காலம் வீடெல்லாம் டக் டக். மீனுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேல்வீட்டு மாஷிமா இறங்கி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“பேத்திக்கு ஒண்ணு வேணும். யார் செஞ்சது?”

நான்தான் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு இன்னொரு கோணல் சக்கரத்துக்குத் தச்சர் காலில்தான் விழ வேண்டும்.