உடுத்த துணியோடு

அலுமாரியைத் திறந்தால் உப்பு மணக்கிறது. உம்முடைய அஸ்தியைக் கடலில் கரைத்த அன்று நான் உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையின் மணம் அது. இன்று காலை நீதிமன்றத்துக்குப் புறப்படும் அவசரத்தில் அந்தச் சேலை இருக்கும் பக்கத்தைத் திறந்துவிட்டேன். அதே நேரம் கோயில் ஒலிபெருக்கியில் உம்முடைய அண்ணையின் குரல். பரிபாலன சபைத் தலைவர் அல்லவா, பேசாமல் இருப்பாரா? "எங்கட சாத்திரத்தில என்ன சொல்லியிருக்கு எண்டால்..." என்று தொடங்கினார். யன்னலை இழுத்துச் சாத்தினேன்.

இதே வாய் ஒருநாள் உமது வீட்டுக்கு வந்தது. நாம் இருவரும் அடுத்த நாள் வழக்கொன்றுக்குக் கோவைகளைப் பரப்பிவைத்திருந்தோம். யோகன் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தான். சல்லி என்ற மீனவக் கிராமத்தில் பிறந்து, படகு இயந்திரம் திருத்திப் பிழைத்து, எத்தனையோ வருடம் உம்மோடு அந்த வீட்டில் குடியிருந்தவன். அவன் காதில் விழட்டும் என்றே அண்ணை கதிரையில் சாய்ந்துகொண்டு உரத்துச் சொன்னார்: "ஆம்பிளையும் ஆம்பிளையும் சீவிக்கிறதுக்குச் சாத்திரத்தில மன்னிப்பே இல்லை."

நீர் எழும்பிப்போய், அண்ணை சாத்திரம் என்று சொல்லும் பழைய சட்ட நூலை எடுத்துவந்தீர். சட்டம் படித்த காலத்தில் வீம்புக்குச் சமஸ்கிருதமும் படித்த ஆள் நீர். ஒரு வரியை வாசித்துவிட்டுப் பொருள் சொன்னீர்.

"ஆணோட கூடினவன் உடுத்த துணியோட முழுகவேணும். அவ்வளவுதான் பரிகாரம். மாட்டு வண்டிலுக்குள்ள, தண்ணிக்குள்ள, பட்டப்பகலில பெண்ணோட கூடினவனுக்கும் அதே முழுக்குத்தான். அண்ணை, நீங்கள் எத்தினை தரம் முழுகினனீங்கள்?"

யோகன் சிரித்த சிரிப்பில் குசினியில் ஏதோ விழுந்து உடைந்தது. அண்ணை குடையை மறந்துவிட்டுப் போனார்.

சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "வெள்ளைக்காரன் எழுதின சட்டம் இண்டைக்கும் சிறைக்கு அனுப்புது, எங்கட பழசு முழுகத்தானே சொல்லுது! இதை வைச்சே எல்லாற்றை வாயையும் அடைக்கலாம்" என்றேன். நீர் நூலை மூடிவிட்டீர்.

"இன்னொரு அதிகாரத்தையும் பாரும். கன்னிப்பெண்ணில கைவைச்ச பொம்பிளைக்கு மொட்டை அடி, இல்லாட்டி விரலை வெட்டு, கழுதையில ஏத்து எண்டு கிடக்கு. சாதிக்கொரு தண்டனை வேற. யோகனை அது ஒரு ஆளாயே எண்ணாது. இந்த நூலைச் சாட்சியாக் கூண்டில ஏத்தாதையும். குறுக்கு விசாரணையில எங்களைத்தான் விழுத்தும்."

அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை. கைக்குக் கிடைத்ததை விடுவது என்ன வக்கீல்தனம் என்று நினைத்தேன். பிறகு மொழிபெயர்ப்பொன்றை வாங்கி நானே வாசித்தேன். எவர் எவரோடு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று அடுத்தவன் பாயைப் பிரித்துப் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள். சீ என்று வந்தது. அதைத் திறந்தும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு திரிகிறவர்களை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது.

உமக்கு நெஞ்சு வலித்த அன்று ஆட்டோவில் உம்மை மடியில் கிடத்திக்கொண்டு போனவன் யோகன். உயிர் பிரிந்ததும் அவன் மடியில்தான். அந்த யோகனை அஸ்தி கரைக்கும் இடத்தில், "கிட்ட வரக்கூடாது, சாத்திரம் விடாது" என்று அண்ணை மறித்துவிட்டார். அவன் செருப்பைக் கையில் பிடித்தபடி கரைவலைத் தோணிகளுக்கு அப்பால் நின்றான்.

அண்ணை இடுப்பளவு தண்ணீரில் நின்று அஸ்தி முட்டியைக் கவிழ்த்தார். பிறகு, சாவுக்கு வழமையாகச் செய்வதுபோல எல்லா ஆண்களும் உடுத்த துணியோடு முழுகினார்கள். அண்ணையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினார். உம்முடைய அந்த வரி என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. யோகனுக்கும் இதே முழுக்குத்தானே, விடுங்கோ என்று கத்தியிருந்தால் ஊர் முன்னால் அவர் முகம் எங்கே போயிருக்கும்! ஆனால் அந்த நூலைக் காட்டி அவனைக் கடலில் இறக்கினால், நாளைக்கு அதே நூலைக் காட்டி எவரும் அவனைக் கரைக்குத் துரத்தலாம். விழுங்கிவிட்டேன்.

போய் யோகனின் கையைப் பிடித்தேன்.

"அக்கா, பிரச்சினை வேண்டாம். சனம் பாக்குது."

"பாக்கட்டும். வா."

சேலையோடு நானும் இறங்கினேன். "பிள்ளை, பொம்பிளையள் இறங்கிற முறையில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு ஏறுங்கோ" என்று அண்ணை கத்தினார்.

"நான் சாத்திரம் கதைக்க வரேல்லை. செத்தது இவன்ர மனிசன்" என்றேன்.

யோகனின் கையை விடாமல் இன்னும் உள்ளே நடந்தேன். முட்டி கவிழ்ந்த இடத்தில் தண்ணீர் இன்னும் சாம்பல் நிறமாகத்தான் இருந்தது. யோகன் அதை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டான். பிறகு முழுகினான். நெடுநேரம் எழும்பவில்லை, எனக்குப் பயம் வந்துவிட்டது.

அண்ணை வீட்டுக்குப் போனதும் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு இரண்டாம் தரம் முழுகினாராம். யோகன் தீண்டிய தண்ணீரல்லவா! யோகனோ உமது கதிரையில் ஈரத்தோடு இருந்தான். உடுப்பு மாற்றச் சொன்னேன், ஏலாது என்றுவிட்டான். சட்டை அவன் மேலேயே காய்ந்தது.

நானும் இந்தச் சேலையைத் தோய்க்கப்போவதில்லை.