ஒரே பெட்டி, நாலு நோட்டு

ஜூன் 3, புதன்

மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஆபீசின் பழைய சர்வர் ரூமை மூடுகிறார்கள். புதிய ரூமில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் நாலு நாலாகச் சேர்ந்து வேலை செய்கிற சர்வர்கள். ஜூலை முதல் வாரம் செய்முறைத் தேர்வு. தேறினால் அங்கே, இல்லாவிட்டால் பிரிண்டர் பிரிவு.

பிரிண்டர் பிரிவா! இத்தனை வருஷம் சர்வரோடு குடும்பம் நடத்திவிட்டு, இனி மாடி மாடியாக ஏறி, சிக்கிய பேப்பரை உருவிக்கொண்டிருக்க வேண்டுமா? முடியாது. பழையதாக ஒரு செட் வாங்கி வீட்டிலேயே பழகப் போகிறேன்.

ஜூன் 4, வியாழன்

மனைவியிடம் பேச்செடுத்தேன். "எத்தனை?" என்றாள். "ஒண்ணே ஒண்ணு." "சத்தியமா?" "சத்தியமா ஒரே பெட்டிதான்."

பொய் இல்லை. பெட்டி ஒன்றுதான். உள்ளே நாலு சர்வர் இருக்குமா என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 6, சனி

வாங்கியாயிற்று. பழைய கம்ப்யூட்டர் கடைக்காரர் பெட்டியைத் தடவிக்கொடுத்தபடி, "பேங்க்ல ஓடினது சார், ஏசியிலயே வளர்ந்தது" என்றார். சத்தம் வருமா என்று கேட்டேன். "பேங்க்ல யாரும் ஒரு கம்ப்ளைன்ட் சொல்லலையே!" அந்த ரூமில் மனுஷர் யாரும் உட்கார மாட்டார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இன்னொரு கூத்து. ஹால் அலமாரியின் அகலம் அளந்தேன், உயரம் அளந்தேன். நீளம்? அளக்கவில்லை. பாதிப் பெட்டி ஹாலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மகள் அதற்குள் முட்டியில் இடித்துக்கொண்டாள்.

ஜூன் 7, ஞாயிறு

ஸ்விட்சைப் போட்டேன். ஐயோ!

மகள் காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா, பிளேன் கிளம்புது!" என்று ஓடினாள். இத்தனைக்கும் நான் ஒரு சர்வரைத்தான் போட்டிருந்தேன். ஃபேன்கள் நாலுக்கும் பொது. ஒன்றைப் போட்டாலும் எல்லாம் சுற்றும்.

அத்தை உள்ளிருந்து வந்தார். மனைவியின் அம்மா; மழை முடியும்வரை எங்களோடுதான் இருக்கிறார். "என்ன மாப்பிள்ளை இது?"

"சர்வர் அத்தை. உள்ள நாலு நோடு இருக்கு." பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு சர்வருக்கும் நோடு என்று பேர்.

"நாலு நோட்டா? நாலு நோட்டு வைக்க எதுக்கு இவ்ளோ பெரிய பெட்டி? என் பர்ஸ்லயே வைக்கலாமே!"

மனைவி மெல்லத் திரும்பினாள். "நாலா? ஒண்ணுன்னீங்க?"

வசமாக மாட்டிக்கொண்டேன்.

ஜூன் 8, திங்கள்

பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் வருகிறது. தட்டு வைக்கிற சத்தம் ஃபேனைத் தூக்கிச் சாப்பிடுகிறது.

ஜூன் 10, புதன்

சத்தத்தைக் குறைக்கலாமென்று பெட்டியைத் திருப்பி வைத்தேன். இப்போது அனல் அலமாரிக்குள் அடித்தது. மகளின் பிறந்தநாளுக்கு ஒளித்துவைத்திருந்த சாக்லேட் டப்பா கூழாகிவிட்டது.

"இந்த ஹால்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு.

கடைசியில் தீர்ப்பு: பெட்டி பின்பக்கம் வாஷிங் மெஷின் ரூமுக்குப் போக வேண்டும். அதுவும் தேர்வு வரைக்கும்தான். முடிந்ததும் வெளியே. நானும் அவளுமாகத் தூக்கினோம். அத்தை கூடவே வந்து, "நாலு நோட்டு இவ்ளோ கனமா!" என்று வியந்துகொண்டிருந்தார்.

ஜூன் 14, ஞாயிறு

நாசமாப் போச்சு. சும்மா இருந்த ஒரு நோடை வெளியே இழுத்துப் பழகலாமென்று பின்பக்கம் போனேன். முன்னால் இடதில் இருப்பது பின்னால் போனால் வலதுக்கு வந்துவிடும். இது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியவில்லை! ஓடிக்கொண்டிருந்ததை உருவிவிட்டேன். வாரமெல்லாம் செட் பண்ணியது போச்சு.

எனக்கு எதுக்கு இந்த வேலை? பிரிண்டர்தான் எனக்கு லாயக்கா? பயமாக இருக்கிறது.

ஜூன் 17, புதன்

விடாத மழை. வீடு முழுக்க ஈரத்துணி வாடை. நாளைக்குப் போட மகளுக்குக் காய்ந்த யூனிஃபார்ம் இல்லை. மனைவி விறுவிறுவென்று பெட்டிக்குப் பின்னால் கொடி கட்ட ஆரம்பித்தாள்.

"ஐயையோ, தண்ணி சொட்டும்!"

"மெஷின்ல நல்லாப் பிழிஞ்சுதான் போடறேன். எனக்குத் தெரியாதா?"

கொஞ்சம் தள்ளிக் கட்டு என்று கெஞ்சினேன். சாயங்காலம் யூனிஃபார்ம் மொடமொடவென்று காய்ந்திருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு டீ வந்தது. கேட்காமலே.

ஜூன் 21, ஞாயிறு

பெட்டியின் பின்பக்கம் பிளாஸ்டரில் பேர் எழுதி ஒட்டியிருக்கிறாள், எதற்கு நேரே எந்தத் துணி என்று. முதல் நோடு துண்டு. இரண்டாவது சட்டை. மூன்றாவது யூனிஃபார்ம். நாலாவது போர்வை, அது அவசரத்துக்கு மட்டும்.

என் படிப்பும் இப்போது துவைக்கிற துணியைப் பொறுத்ததாகிவிட்டது. "இன்னிக்கு சட்டை நிறைய இருக்கு, அதுக்கு ஏதாவது கஷ்டமான வேலையா குடுங்க" என்கிறாள். கொடுக்கிறேன். சூடு ஏறுகிறது, நானும் கற்றுக்கொள்கிறேன். அதற்கப்புறம் ஒரு நோடைக்கூட மாற்றி இழுக்கவில்லை.

ஜூலை 3, வெள்ளி

தேர்வு. தேர்வாளர் கறாரான ஆள், சிரிப்பே கிடையாது. "மத்தது நிக்காம, ரெண்டாவது நோடை மட்டும் வெளிய எடுங்க."

பின்னால் போனேன். வாய் தானாக, "சட்டை" என்றது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார். சட்டை."

இழுத்தேன். சரியானதுதான்! மற்ற மூன்றும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன. தேர்வாளர் குனிந்து தன் சட்டையைச் சரிபார்த்துக்கொண்டார்.

ஜூலை 8, புதன்

தேறிவிட்டேன்! திங்கள் முதல் புது ரூம். அப்பாடா. பிரிண்டருக்கு ஒரு கும்பிடு.

ஜூலை 11, சனி

சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே. பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடைக்காரரை வரச்சொல்லியிருந்தேன். மனசே இல்லாமல் அவரை அழைத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கொடிக்கு முன்னால் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இது எங்க போகுது?"

"பரீட்சை முடிஞ்சா வெளியன்னு நீதானே..."

"உங்க பரீட்சை முடிஞ்சுது. மழை முடிஞ்சுதா?"

அத்தை ஒரு படி மேலே போய்விட்டார். "நாலு நோட்டையும் தூக்கிக் குடுத்துட்டு நாம ஈரத்துணியைக் கட்டிக்கவா மாப்பிள்ளை?"

கடைக்காரர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே என் காதோடு, "இன்னொண்ணு வந்திருக்கு சார், வேணுமா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை.

உள்ளேயிருந்து மனைவியின் குரல்தான் வந்தது. "ஒண்ணுன்னா உள்ள எத்தனை?"

"எட்டும்மா."

மேஜையில் கிடந்த அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "நீளம் எவ்வளவுன்னு சொல்லுங்க. இவர் அதை அளக்க மாட்டார்."