பிள்ளைத்தாச்சித் திடல்

1972 ஆகஸ்ட் 8, செவ்வாய்

தாலுகா ஆபீஸ் டைப்ரைட்டரில் இன்றும் 'ழ' ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து குத்தகைப் பதிவு மனுக்கள். பதினோராவது மனுவில் கை நின்றுவிட்டது: "பிள்ளைத்தாச்சித் திடல். சாகுபடி செய்பவர் பஞ்சநதம்."

அம்மாவுக்குத் தன் தாயைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயம். பெயர் நீலாயதாட்சி. நிறைமாதத்தில் இறந்துபோய், பிள்ளைத்தாச்சித் திடலில் புதைத்தார்கள். அப்போது அம்மாவுக்கு நாலு வயது. தாத்தா மறுகல்யாணம் செய்துகொண்டு, அம்மாவைக் கும்பகோணத்தில் பாட்டியின் தங்கை வீட்டில் விட்டுப் போனார். பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது எந்த ஊர் என்று சொல்லக்கூட இன்று ஆளில்லை.

ஆகஸ்ட் 9

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவசரப்பட்டேனோ? சாப்பிட்ட கை காயும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு, "கண்ணுல பொர ஏறிக்கிட்டே போவுது. பார்வ போறதுக்குள்ள அந்த எடத்த ஒருதரம் காட்டிடுறியா?" என்றாள். என்னிடம் ஒரு சேலைகூடக் கேட்டதில்லை அவள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இரண்டு பஸ் மாறி, நாலு மைல் நடந்து போனேன். ஊருக்கு ஒரு முனையில் செங்கொடி, மறு முனையில் போலீஸ் வேன். போன வாரம் மிராசுதார் ஆட்களோடு அடிதடியாம். என்னை ஆபீஸ்காரி என்று மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பஞ்சநதம் வீட்டில் இல்லை என்று அவர் மனைவி சொன்னாள். உள்ளே இருமினார்.

ஆகஸ்ட் 21

அம்மா என் செருப்பில் இருந்த சேற்றை மட்டும் கழுவி வைத்தாள்.

செப்டம்பர் 3, ஞாயிறு

மறுபடி போனேன். ஆபீஸ் விஷயமில்லை, எங்கள் பாட்டி அந்தத் திடலில் இருக்கிறாள் என்றேன். பஞ்சநதம் அப்படியே குந்திவிட்டார். பிறகு அழைத்துப்போய்க் காட்டினார். திடலைக் காணோம். சம்பா நடவு முடிந்து தண்ணீர் நின்றது.

"சும்மா கெடந்தா தரிசுன்னு எழுதி மிராசுதார் எடுத்துக்குவாருன்னு சொன்னாங்கம்மா. வெட்டிச் சமப்படுத்திட்டேன். எலும்பு ஒண்ணு கெடச்சிருந்தாக்கூட விட்டிருப்பேங்க."

'சாகுபடியில் உள்ள நிலம் மட்டும்' — குத்தகைப் பதிவுக்கான அந்த நோட்டீஸை நூறு முறை அடித்தவள் நான்தான். யாரைத் திட்டுவது? வரப்பில் உட்கார்ந்து அழுதேன். நல்லவேளை, அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

திரும்பும்போது ரோட்டோரத்துச் சுமைதாங்கியைக் காட்டினார். வயிற்றுச் சுமையோடு செத்தவளின் பாரம் இறங்கட்டும் என்று, வழிப்போக்கர் தலைச்சுமை இறக்கக் கல் நடுவார்களே, அது. நகத்தால் பாசியைச் சுரண்டினேன். 'ஆனந்த வருஷம். நீலாயதாட்சி.' நட்டது அவள் புருஷனாம். அந்த மனுஷனா?

செப்டம்பர் 4

கல்லுக்கு அடியில்தான் புதைத்தார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"நெல்லா போட்டிருக்காங்க?" என்றாள். "சரி."

1973 ஜனவரி 21, ஞாயிறு

அறுவடை முடிந்தபின் அம்மாவைக் கூட்டிப்போனேன். தாள் நின்ற வயலை வெகுநேரம் பார்த்தாள். எவ்வளவு தெரிந்ததோ. பஞ்சநதம் அந்த வயலில் விளைந்த நெல்லை ஒரு சிறு மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டும் தரவில்லை. ரோடு வரைக்கும் அவளே சுமந்து வந்தாள்.

சுமைதாங்கியருகே நின்றாள். குறுக்குக் கல்லைக் கையால் தடவிப் பார்த்து, மூட்டையை அதன்மேல் இறக்கினாள்.

"கொஞ்ச நேரம் வச்சுக்கம்மா" என்றாள், கல்லிடம்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்தார். வேண்டாம், போங்கள் என்று கையைக் காட்டினேன்.