ஹருகோ வீட்டுப் பையன்

செவ்வாய் இரவு, ஸ்டுட்கார்ட்

நாளை மகளுக்குத் தொண்டையில் ஒப்பரேசன். "அம்மா, பிறகு எனக்குக் கதைக்க ஏலாதோ?" என்று பின்னேரம் முழுக்க இதே கேள்வி. என் பதிலை அவள் நம்பவில்லை.

பக்கத்து வீட்டு ஜப்பானியப் பெண்மணி ஹருகோவிடம் கூட்டிப்போனேன். ஜப்பானில் கார்ட்டூன் படங்களில் ஒரு குறும்புப் பையனுக்குப் பல வருடம் குரல் கொடுத்தவர். அவருக்கும் இதே ஒப்பரேசன் நடந்தபோது அந்தப் பையன் வேறொருவருக்குப் போய்விட்டான். அதன்பிறகு யார் கேட்டாலும் அந்தக் குரலில் பேசமாட்டார். "அவன் இப்போது என்னுடையவன் இல்லை" என்பார்.

இன்று மகளின் முகத்தைப் பார்த்தவர், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு சின்னப் பையனின் குரலில் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். மகள் சிரித்துவிட்டாள். "அம்மா, குரல் போகேல்லை."

அவள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், தனியாக, அந்தப் பையன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.