பட்டியலில் இல்லாத வீடு

மார்ச் 6, திங்கள்

இனோகேயின் பிட்டத்துப் புண் இன்னும் ஒரு விரல் ஆழம் போயிருக்கிறது. எலும்பு தெரிய அதிக நாள் ஆகாது. கழுவிக் கட்டும்போது அவனுக்கு வலிக்கவே இல்லை.

கடல் அட்டை பிடிக்க சிலிண்டர் மாட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய், அவசரமாக மேலே வந்ததில் நரம்பு செத்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வு போய் நாலு வருஷம். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி இருக்கிறது. பவளக் கல்லில் உடம்பை இழுத்துக்கொண்டேதான் போகிறான். பிறகு புண் எப்படி ஆறும்?

இழுக்காதே, இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கு என்று நூறு தரம் சொல்லிவிட்டேன். "கையில அவ்வளவு தெம்பு இல்ல சிஸ்டர்" என்கிறான். சிலிண்டரைச் சுமந்து கடலடியில் நீந்தியவனுக்குக் கையில் தெம்பு இல்லையாம்! சோம்பேறி என்று திட்டிவிட்டு வந்தேன். என் வாய் இருக்கிறதே.

மார்ச் 9, வியாழன்

ஒரு சக்கர நாற்காலி. வீட்டோடு ஒட்டினாற்போல் ஒரு கக்கூஸ். நடுவே சிமெண்ட் தளம். இவை கிடைத்தால் இனோகே பிழைப்பான். கிடைக்காவிட்டால் இந்த வருஷக் கிறிஸ்துமஸைப் பார்க்கமாட்டான்.

ஊர்த்தலைவர் போசெசியின் முன்னால் குடிக்க அரைக்கும் கவா வேர்க்கட்டையைக் காணிக்கையாக வைத்து, முறைப்படி கேட்டேன். இனோகேக்கு அவர் மச்சான் முறை. மறுபேச்சில்லாமல், ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பணம் சேர்க்கும் ஊர்க்கொடைக்கு நாள் குறித்துவிட்டார்: இருபத்தைந்தாம் தேதி. பட்டியலை நான்தான் எழுத வேண்டுமாம். "உங்க கையெழுத்துதான் சரி சிஸ்டர். எவனுக்கும் படிக்க வராது, தன் பேரு இல்லன்னு சண்டைக்கும் வரமாட்டான்" என்றார்.

மார்ச் 17, வெள்ளி

பட்டியல் முடிந்தது. முப்பத்தோரு வீடுகள். இங்கே ஆளுக்குப் பெயர் இருப்பதுபோல வீட்டுக்கும் பெயர் உண்டு. கூரை புயலோடு போனாலும் அடித்தளக் கல்லும் பெயரும் நிற்கும்.

இனோகேயின் 'நாமாரா'வை மட்டும் விட்டுவிட்டேன். வாங்குகிறவன் எப்படிக் கொடுப்பான்? அவன் மனைவி சாலோட்டே ஒரே கவுனைத் துவைத்துத் துவைத்துப் போடுகிறாள். அவர்களைப் போய் எல்லார் முன்னாலும் கூப்பிட்டுச் சங்கடப்படுத்துவதா?

என் பெயரும் கிடையாது. வழக்கம்போல என் காசை உறையில் வைத்துக் காலையிலேயே போசெசியிடம் கொடுத்துவிடுவேன். பதினோரு வருஷமாக அப்படித்தான். பெரிய தீவின் லம்பாசாக் கரும்புக்காட்டிலிருந்து வந்த நர்ஸுக்கு இந்தத் தீவில் அடித்தளக் கல் ஏது?

மார்ச் 25, சனி

இன்று ஊர்க்கொடை.

நாலு பேர் இனோகேயைப் பாயோடு தூக்கிவந்து ஊர்க் கூடத்தின் கடைசியில் உட்காரவைத்தார்கள். போசெசி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். பாடிக்கொண்டு வந்தவர்கள் உண்டு, ஆடிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. எல்லாரும் முன்னால் இருந்த மரத்தொட்டியில் காசைப் போட்டுவிட்டுப் போனார்கள். முப்பத்தொன்றும் முடிந்தது. போசெசி காகிதத்தை மடித்தார்.

அப்போது கடைசியிலிருந்து குரல் வந்தது.

"மச்சான், என் வீடு இடிஞ்சு போச்சா?"

போசெசி காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு முகம் பற்றி எரிந்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன்? வீட்டின் பெயரைக் கூப்பிடாவிட்டால், அந்த வீட்டில் ஆளே இல்லை என்றல்லவா அர்த்தம்! இரக்கப்படுகிறேன் என்று அவனை உயிரோடு புதைத்திருக்கிறேன்.

போசெசி எழுந்து நின்று கூப்பிட்டார். "நாமாரா!"

சாலோட்டே எழுந்தாள். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தான் இனோகே. பாய்க்கடியிலிருந்து இரண்டு மரக்கட்டைகளை எடுத்தான். கைப்பிடி செதுக்கியவை. இரண்டு பக்கமும் ஊன்றினான்.

"டேய், புண்ணுடா!" என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அதற்குள் அவன் உடம்பு பாயைவிட்டு மேலே வந்திருந்தது. முழுசாக ஒரு சாண். அப்படியே வீசிப் பின்னால் வைத்தான். மறுபடி ஊன்றினான், மறுபடி தூக்கினான். தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கால்கள் பின்தொடர, கூடம் நெடுக விரித்திருந்த நீளப் பாயை ஊர் பார்க்கக் கடந்தான். ஒருவர்கூட உதவிக்குப் போகவில்லை. போகக்கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. இருபத்தாறு வருஷமாக நர்ஸ். மனித உடம்பு இப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. கும்பிடத் தோன்றியது.

கழுத்தில் கட்டியிருந்த துணி முடிச்சை அவிழ்த்துத் தொட்டியில் போட்டான். அவன் கட்டிய ஈர்க்குமாறுகளைச் சாலோட்டே படகுத்துறையில் விற்ற காசு. ஊர் மொத்தமும் கை குவித்துத் தட்டியது. எந்நேரமும் நக்கலடிக்கும் போசெசி சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவன் சிரித்தான். "நாள் குறிச்ச அன்னைக்கே தூக்கிப் பழக ஆரம்பிச்சேன் சிஸ்டர். கக்கூஸுக்குப் போக இழுத்துக்கிட்டுப் போகலாம். கொடுக்கப் போகும்போது அப்படிப் போக முடியுமா?"

மார்ச் 26, ஞாயிறு

புண்ணின் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

மே 16, செவ்வாய்

நாற்காலி கப்பலில் வந்தது. சிமெண்ட் தளமும் காய்ந்துவிட்டது. லைசென்ஸ் இருக்கா என்று போசெசி மறித்தாராம். அவர் காலில் ஏற்றிவிட்டுப் போனானாம் இனோகே.

ஜூலை 12, புதன்

புண் மூடிவிட்டது. இரண்டு தரம் தடவிப் பார்த்தேன். கடவுளே.

செப்டம்பர் 30, சனி

பள்ளிக்கூடக் கூரைக்கு ஊர்க்கொடை. இப்போது ஊர்க் கணக்கப்பிள்ளை இனோகேதான், பட்டியலும் அவனே எழுதியது. காலையில் உறையைக் கொண்டுபோனேன். போசெசி வாங்கவில்லை. இனிமேல் தனக்கு அந்த அதிகாரம் இல்லையாம், சாயங்காலம் கூடத்துக்கு வரச் சொன்னார்.

வழக்கம்போல ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இனோகே படித்தான். நாமாரா முதலாவது. முப்பத்திரண்டும் முடிந்தது. காகிதத்தை அவன் மடிக்கவில்லை.

"அஞ்சலை வீடு."

இந்தத் தீவில் என் பெயரை ஒருவர் சொல்லிக் கேட்டது இன்றைக்குத்தான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எழுந்திருக்க வரவில்லை.

"எழுந்திரிங்க சிஸ்டர்" என்றான். "உங்களுக்குக் காலு நல்லாத்தானே இருக்கு?"

கூடமே சிரித்தது. கண் மறைத்ததில் பாய் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நடந்துபோய்ப் போட்டேன்.